சொந்தமாகச் செய்த விண்டோஸ் 11 பென்டிரைவ்: 14 மெஷினும் அப்டேட் ஏற்கவில்லை, உதவுங்கள்

தருமபுரி_சர்வீஸ்

வணக்கம். தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாக சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பாலக்கோட்டில் ஒரு டியூஷன் சென்டரில் 14 டெஸ்க்டாப், எல்லாம் இன்டெல் 8, 9ஆம் தலைமுறை. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 உடன் சப்போர்ட் முடிந்துவிட்டதால் 11க்கு மாற்றித் தரச் சொன்னார்கள். ஒவ்வொரு மெஷின் முன்னாலும் உட்கார்ந்து எல்லாம் போட்டுக்கொண்டிருந்தால் ஒரு வாரம் ஓடிவிடும் என்று, நான் ஏற்கெனவே செய்து வைத்திருந்த ஐஎஸ்ஓவை, அதாவது இன்ஸ்டால் டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாக்கியதை, பென்டிரைவில் ஏற்றிப் போட்டேன். விண்டோஸ் 11 புரோ, 24எச்2 என்ற 2024ஆம் வருடப் பதிப்பு, அதற்குள்ளேயே அந்தச் சமயத்து அப்டேட், பிரின்டர் டிரைவர்கள், அவர்களுடைய பழைய பில்லிங் சாப்ட்வேருக்கு வேண்டிய டாட்நெட் 3.5, அப்புறம் வினாத்தாள் எல்லாம் லதா எழுத்துருவில் இருப்பதால் தமிழ் சப்ளிமென்டல் பான்ட்ஸ்.

இன்ஸ்டால் எல்லாம் சுத்தமாக முடிந்தது. சென்டரில் ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள், அப்டேட் வருகிறது, டவுன்லோட் ஆகிறது, இன்ஸ்டால் ஆகாமல் திரும்பிப் போகிறது என்று. ஒரு மெஷின் என்றால் பரவாயில்லை, 14ம் அப்படித்தான். நெட் பிரச்சினை இல்லை, என் மொபைல் ஹாட்ஸ்பாட்டிலும் பார்த்துவிட்டேன். அப்டேட் சேவையை நிறுத்தி அதன் கேஷ் போல்டரை அழித்தும் பார்த்தேன், சிஸ்டம் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேன் ஓட்டியும் பார்த்தேன், ஒன்றும் நகரவில்லை.

சரி, ஐஎஸ்ஓவையே புதுப்பித்துவிடலாம் என்று மைக்ரோசாப்டின் அப்டேட் கேட்டலாக் தளத்திலிருந்து இந்த மாத அப்டேட்டை இறக்கி, விண்டோஸ் இமேஜைத் திருத்தும் டிஸ்ம் கமாண்ட் வழியாக ஏற்றினால் 0எக்ஸ்800எஃப்081இ என்று பிழை. இதற்கிடையில் அதே சென்டருக்கு மூன்று புது லேப்டாப் வந்திருக்கிறது, அவற்றில் இதே பென்டிரைவைப் போட்டால் டிஸ்க்கே காட்டவில்லை, பட்டியல் காலியாக இருக்கிறது. மாணவர்களுக்குத் தேர்வு நெருங்குகிறது, மெஷின்களை ரொம்ப நாள் முடக்கி வைக்க முடியாது. எங்கே தொடங்குவது என்று சொல்லுங்கள்.

பென்னாகரம்_நண்பன்

அண்ணா, பேஸ் ஐஎஸ்ஓ எங்கே எடுத்தீர்கள்? நெட்டில் "லைட்" என்று சுற்றுமே, அதுவாக இருந்தால் அப்டேட் போகாது. அவர்கள் விண்டோஸ் தன் பாகங்களை வைத்திருக்கும் கம்போனென்ட் ஸ்டோரிலிருந்தே கோப்புகளைப் பிடுங்கி எறிந்து சைஸைக் குறைத்திருப்பார்கள், அப்டேட் வந்து அந்தக் கோப்பைத் தேடினால் இருக்காது. எனக்கு ஒரு தடவை அப்படி ஆகி எல்லாவற்றையும் பார்மட் செய்ய வேண்டி வந்தது. பார்மட்தான் வழி.

தருமபுரி_சர்வீஸ்

இல்லை தம்பி, லைட் இல்லை. மைக்ரோசாப்டின் மீடியா கிரியேஷன் டூலில் நேராக எடுத்தது. அதில் விண்டோஸ் இமேஜ் இன்ஸ்டால்.இஎஸ்டி என்ற சுருக்கிய கோப்பாகத்தான் வந்தது, அதை அப்படியே மவுன்ட் செய்து (ஒரு போல்டராகத் திறந்து) எழுத முடியாது என்பதால் 6ஆம் இன்டெக்ஸில் (வரிசை எண்ணில்) இருந்த புரோவை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து, திருத்தக்கூடிய இன்ஸ்டால்.விம் ஆக்கிக்கொண்டேன். எதையும் நீக்கவில்லை, சேர்க்க மட்டும்தான் செய்தேன்.

கிருஷ்ணகிரி_லேப்

தம்பி, பார்மட் பக்கம் இப்போது போக வேண்டாம். நான் இங்கே ஒரு கல்லூரி லேப்பில் 60 மெஷின் பார்க்கிறேன், நீங்கள் சொல்வதில் மூன்று தனித்தனிப் பிரச்சினை இருக்கிறது, மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். முதலில் எனக்கு மூன்று விவரம் கொடுங்கள்.

உங்கள் இன்ஸ்டால்.விம்மை டிஸ்மில் கெட்-விம்இன்ஃபோ கொடுத்து இன்டெக்ஸ் எண்ணும் சேர்த்துக் கேட்டால் வெர்ஷன் வரியும், அதற்குக் கீழே சர்வீஸ்பேக் பில்ட் என்ற வரியும் வரும், அந்த இரண்டு எண்ணும் வேண்டும். கேட்டலாக்கிலிருந்து இறக்கிய கோப்பின் முழுப்பெயர் வேண்டும், கேபி எண்ணுக்கு (அப்டேட்டின் அடையாள எண்ணுக்கு) பின்னால் வருவதையும் விடாமல். அப்புறம், எந்த வரிசையில் எதை எதை ஏற்றினீர்கள் என்று ஞாபகம் இருக்கும் வரை எழுதுங்கள். இந்த வேலையில் என்ன போட்டோம் என்பது பாதிதான், எதற்குப் பின் எதைப் போட்டோம் என்பது மீதிப் பாதி.

தருமபுரி_சர்வீஸ்

அக்கா, பார்த்துவிட்டேன். வெர்ஷன் 10.0.26100, சர்வீஸ்பேக் பில்ட் 2314. இந்த விம்மை நான் செய்தது 2024 நவம்பர் கடைசியில். கோப்பின் பெயரில் விண்டோஸ்11.0, கேபி எண், அப்புறம் ஏஆர்எம்64 என்று இருக்கிறது.

வரிசை: முதலில் அப்டேட் ஏற்றினேன், அப்புறம் தமிழ் பான்ட்ஸ், அப்புறம் டாட்நெட் 3.5, கடைசியில் சைஸ் குறையட்டும் என்று, பழைய பாகங்களை நீக்கும் ஸ்டார்ட் கம்போனென்ட் கிளீனப், ரீசெட்பேஸுடன். கிளீனப்பில் 0எக்ஸ்800எஃப்0806 என்று ஏதோ வந்தது, இன்ஸ்டால்தான் நன்றாக ஆகிறதே என்று விட்டுவிட்டேன்.

கிருஷ்ணகிரி_லேப்

கிடைத்துவிட்டது. சுலபமானதிலிருந்து வருகிறேன்.

081இ என்றால் "இந்தப் பேக்கேஜ் இந்த இமேஜுக்குப் பொருந்தாது" என்று அர்த்தம், கோப்பு கெட்டுப்போனது என்று அர்த்தம் இல்லை. நீங்கள் இறக்கியது ஏஆர்எம் பிராசஸருக்கான கோப்பு. கேட்டலாக்கில் ஒரே கேபி எண்ணுக்கு ஏஆர்எம்64க்கும் எக்ஸ்64க்கும் தனித்தனி வரி இருக்கும், அவசரத்தில் கை மேல் வரிக்குப் போய்விடும். உங்களுக்கு வேண்டியது எக்ஸ்64.

இப்போது பெரியது. 26100.2314 என்பது 2024 நவம்பர் 12 அன்று வந்த கேபி5046617. இது மைக்ரோசாப்டே வெளியிட்டு ஒப்புக்கொண்ட பிரச்சினை: 24எச்2ஐ சிடி, பென்டிரைவ் மாதிரி மீடியாவில் போடும்போது, அந்த மீடியாவுக்குள் 2024 அக்டோபர் அல்லது நவம்பர் மாதப் பாதுகாப்பு அப்டேட் சேர்க்கப்பட்டிருந்தால், அதாவது அக்டோபர் 8 முதல் நவம்பர் 12 வரை வந்தவை, அப்படிப் போட்ட மெஷின் அதற்குப் பிறகு வரும் பாதுகாப்பு அப்டேட்டுகளை ஏற்காத நிலையில் மாட்டிக்கொள்ளலாம். அதே அப்டேட்டை விண்டோஸ் அப்டேட் வழியாகவோ கேட்டலாக் வழியாகவோ பின்னால் வாங்கிய மெஷினுக்கு இது வராது, மீடியாவில் சேர்த்தவர்களுக்கு மட்டும்தான். அதனால்தான் உங்களுக்கு 14ம் ஒரே மாதிரி நிற்கிறது. கேஷ் அழிப்பது, எஸ்எஃப்சி எதுவும் இதைத் தொடாது. 2024 டிசம்பர் 10 அப்டேட்டோ அதற்குப் பிறகு வந்ததோ உள்ள மீடியாவைக் கொண்டு மறுபடி இன்ஸ்டால் செய்வதுதான் அவர்கள் சொன்ன தீர்வு.

மறுபடி இன்ஸ்டால் என்றதும் பயப்பட வேண்டாம். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே புது ஐஎஸ்ஓவைத் திறந்து அதிலுள்ள செட்டப்பை ஓட்டினால் கோப்புகளையும் சாப்ட்வேரையும் வைத்துக்கொண்டே மேலே உட்காரும். ஆனாலும் ஒரு மெஷினில் டேட்டாவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுச் செய்து பார்த்து, அது நன்றாக இருந்தால் மற்ற 13க்குப் போங்கள். இதற்கு உங்கள் சொந்த ஐஎஸ்ஓ வேண்டாம், மைக்ரோசாப்டின் கைபடாத ஐஎஸ்ஓவையே எடுங்கள். எடுப்பது எடுக்கிறீர்கள், 25எச்2 ஆகவே எடுத்துவிடுங்கள். 24எச்2 ஹோம், புரோ இரண்டுக்கும் 2026 அக்டோபர் 13 வரைதான் சப்போர்ட், 25எச்2க்கு 2027 அக்டோபர் 12 வரை இருக்கிறது. இரண்டும் ஒரே அடிப்படைதான், மாத அப்டேட்டின் கேபி எண்கூட ஒன்றுதான்.

ஓசூர்_ஹார்டுவேர்

லேப்டாப்பில் டிஸ்க் காட்டாததற்கு நான் சொல்கிறேன். அவை இன்டெல் 11ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ உள்ளவைதானே? பயாஸில் விஎம்டி என்ற இன்டெல் ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் ஆன் ஆகியிருக்கும், எஸ்எஸ்டி அந்த கன்ட்ரோலருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும், அதற்கான ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவர் செட்டப்பிடம் இல்லையென்றால் பட்டியல் காலிதான். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் எஸ்எஸ்டி வாங்கி வருபவர்கள் இதைப் பார்த்துவிட்டு டிஸ்க் செத்துவிட்டது என்று என்னிடம் கொண்டுவருவார்கள், மாதத்துக்கு இரண்டாவது வரும், எல்லாமே நல்ல டிஸ்க்.

நீங்கள் டிரைவரை இன்ஸ்டால்.விம்மில் மட்டும்தான் ஏற்றியிருப்பீர்கள். பென்டிரைவிலிருந்து பூட் ஆகி டிஸ்க்கைத் தேடுவது பூட்.விம், அதில் இரண்டு இன்டெக்ஸ் இருக்கும், 1 வெறும் விண்டோஸ் பிஇ (பென்டிரைவிலிருந்தே ஓடும் சிறிய விண்டோஸ்), 2தான் செட்டப். இரண்டாவதில் டிரைவர் இல்லையென்றால் இன்ஸ்டால்.விம்மில் எவ்வளவு ஏற்றினாலும் அந்தக் கட்டம் வரை போகவே போகாது. டிரைவர் இஎக்ஸ்இ ஆக வந்தால் அதைப் பிரித்து, உள்ளே ஐஎன்எஃப் கோப்பு இருக்கும் போல்டரைக் காட்டி ஆட்-டிரைவர் கொடுங்கள். பூட்.விம் 2, இன்ஸ்டால்.விம், அப்புறம் எல்லோரும் மறக்கும் இடம், இன்ஸ்டால்.விம்முக்குள் விண்டோஸ், சிஸ்டம்32, ரெக்கவரி போல்டரில் வின்ஆர்இ.விம் என்று ஒன்று இருக்கும், அதிலும் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு ரெக்கவரியில் போய் நின்றால் அங்கேயும் டிஸ்க் தெரியாது.

பயாஸில் விஎம்டியை ஆஃப் செய்தால் உடனே தெரியும்தான், புது டிஸ்க்கில் முதல்முறை போடுகிறவர்கள் அப்படியும் செய்கிறார்கள். ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் லேப்டாப்பில் செய்தால் அது பூட் ஆகாமல் நிற்கும். கஸ்டமர் மெஷினில் நான் அதைத் தொடுவதில்லை.

தருமபுரி_சர்வீஸ்

அண்ணா, அதேதான், நான் பூட்.விம்மைத் தொடவே இல்லை. ரொம்ப நன்றி.

அக்கா, 25எச்2 இறக்கி ஒரு மெஷினில் ஓட்டினேன். ஆனால் "கோப்புகளையும் ஆப்களையும் வைத்துக்கொள்" என்ற தேர்வு மங்கலாக இருக்கிறது, அழுத்த முடியவில்லை. ஒன்றும் வைத்துக்கொள்ளாதே என்பதை மட்டும்தான் தேர்ந்தெடுக்க விடுகிறது. பில்லிங் சாப்ட்வேருக்கு இன்ஸ்டால் சிடி அவர்களிடம் இல்லை, அது போனால் திரும்ப வராது. நிறுத்தி வைத்துவிட்டேன்.

கிருஷ்ணகிரி_லேப்

நிறுத்தியது நல்லது. இறக்கும்போது மொழி எது தேர்ந்தெடுத்தீர்கள்? பட்டியலில் ஆங்கிலம் இரண்டு இருக்கும், ஒன்று அமெரிக்க ஆங்கிலம், இன்னொன்று "இங்கிலீஷ் இன்டர்நேஷனல்". நாம் இந்தியா என்பதால் இன்டர்நேஷனல்தான் நமக்கு என்று தோன்றும், அது உண்மையில் பிரிட்டிஷ் ஆங்கிலம். மெஷினில் இருப்பதும் ஐஎஸ்ஓவில் இருப்பதும் ஒரே மொழியாக இல்லாவிட்டால் ஆப்களை வைத்துக்கொள்ள விடாது. அந்த மெஷினில் டிஸ்ம் ஆன்லைன் கொடுத்து கெட்-இன்ட்ல் (Get-Intl) போட்டுப் பாருங்கள், டிஃபால்ட் சிஸ்டம் யூஐ லாங்குவேஜ் என்ற வரியில் என்ன இருக்கிறதோ அதே மொழி ஐஎஸ்ஓவை இறக்குங்கள். செட்டிங்ஸில் காட்டும் ரீஜனைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது வேறு. எடிஷனும் ஒன்றாக இருக்க வேண்டும், உங்களுக்கு எல்லாம் புரோ என்பதால் அதில் சிக்கல் வராது.

தருமபுரி_சர்வீஸ்

அமெரிக்க ஆங்கிலம் என்று காட்டுகிறது, நான் இறக்கியது இன்டர்நேஷனல். மறுபடி இறக்கப் போட்டிருக்கிறேன், எங்கள் தெரு நெட்டுக்கு ராத்திரி முழுக்க ஓடும்.

அதுவரைக்கும் புது ஐஎஸ்ஓ எப்படிச் சரியாகச் செய்வது என்று வரிசையைச் சொல்லிவிடுங்கள் அக்கா. அந்த 0806 எதனால் வந்தது என்பதும் புரியவில்லை.

கிருஷ்ணகிரி_லேப்

0806 என்றால் இமேஜுக்குள் இன்னும் முடியாத வேலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். டாட்நெட் 3.5ஐ ஆஃப்லைனில் ஏற்றினால் அதன் மீதி வேலை முதல் பூட்டில்தான் முடியும், அது பாக்கியாகத் தொங்கும்போது கிளீனப் ஓடாது. அதனால் கிளீனப்பை முடித்துவிட்டு அதற்குப் பிறகுதான் டாட்நெட் 3.5. அதை ஏற்ற ஐஎஸ்ஓவின் சோர்சஸ் போல்டருக்குள் இருக்கும் எஸ்எக்ஸ்எஸ் என்ற போல்டரைக் காட்டுவோமே, அது அதே வெர்ஷன் ஐஎஸ்ஓவிலிருந்து வர வேண்டும், பழைய ஐஎஸ்ஓவில் இருப்பதைக் காட்டினால் 081எஃப் என்று சோர்ஸ் கிடைக்கவில்லை என்ற பிழை வரும்.

தமிழ் பான்ட்ஸ் நீங்கள் அப்டேட்டுக்குப் பின்னால் ஏற்றியிருக்கிறீர்கள். மொழி, எழுத்துரு மாதிரி கூடுதல் வசதிகள் எல்லாம் அப்டேட்டுக்கு முன்னால் போக வேண்டும். பின்னால் போட்டால் அந்தப் பகுதி மட்டும் பழைய வெர்ஷனில் நிற்கும், திரும்ப அப்டேட் ஏற்ற வேண்டியிருக்கும். அதனால் பான்ட்ஸ், பிறகு மாத அப்டேட், பிறகு கிளீனப், பிறகு டாட்நெட் 3.5, கடைசியில் டாட்நெட்டுக்கான தனி அப்டேட். தமிழ்99 கீபோர்டுக்கு எதுவும் ஏற்ற வேண்டாம், 2019 மே மாத விண்டோஸ் 10 பதிப்பிலிருந்தே உள்ளேயே இருக்கிறது, செட்டிங்ஸில் சேர்த்தால் போதும். லதாவும் விஜயாவும்தான் தனியாக அந்த பான்ட்ஸ் பொதிக்குப் போய்விட்டன, அதை நீங்கள் சரியாகவே பிடித்திருக்கிறீர்கள்.

மாத அப்டேட்டை கேட்டலாக்கில் இறக்கும்போது டவுன்லோட் பெட்டியில் ஒன்றுக்கு மேல் கோப்பு இருந்தால் எல்லாவற்றையும் இறக்குங்கள். 24எச்2 முதல் செக்பாயின்ட் என்று ஒரு முறை வந்திருக்கிறது, 2024 செப்டம்பரில் வந்த கேபி5043080 முதல் செக்பாயின்ட், புது அப்டேட் அதன் மேல் மாறியதை மட்டும் சுமந்து வரும். எல்லாக் கோப்பையும் ஒரே போல்டரில் வைத்து, வேறு எந்த எம்எஸ்யு (அப்டேட்) கோப்பும் அதில் இல்லாமல் பார்த்துக்கொண்டு, கமாண்டில் புதியதை மட்டும் காட்டுங்கள். வேண்டியதை டிஸ்ம் அங்கேயே எடுத்துக்கொள்ளும்.

பூட்.விம்முக்கும் அதே அப்டேட் போட வேண்டும். போட்ட பிறகு அதன் இரண்டாவது இன்டெக்ஸுக்குள் சோர்சஸில் இருக்கும் செட்டப்.இஎக்ஸ்இ, செட்டப்ஹோஸ்ட்.இஎக்ஸ்இ இரண்டையும் எடுத்துப் பென்டிரைவின் சோர்சஸ் போல்டரில் மாற்றி வையுங்கள். உள்ளே ஒரு வெர்ஷன், வெளியே ஒரு வெர்ஷன் என்று செட்டப் கோப்புகள் இருந்தால் பாதியில் நிற்கும், எதனால் நின்றது என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு நாள் போய்விடும்.

ஓசூர்_ஹார்டுவேர்

இரண்டு விஷயம் சேர்க்கிறேன். மவுன்ட் போல்டர் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் இருக்கட்டும், வெளி யூஎஸ்பி டிஸ்க்கில் வேண்டாம். அப்புறம் முடித்து அன்மவுன்ட் கொடுக்கும் முன் அந்தப் போல்டரைத் திறந்து வைத்திருக்கும் எக்ஸ்ப்ளோரர் ஜன்னல், நோட்பேட் எல்லாவற்றையும் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் 0எக்ஸ்சி1420117 வரும், முழுசாக அன்மவுன்ட் ஆகவில்லை என்று. ஆன்டிவைரஸும் அந்தப் போல்டரைத் தொடாமல் விலக்கி வையுங்கள்.

விம் 4 ஜிபியைத் தாண்டினால் எஃப்ஏடி32 பென்டிரைவில் காப்பி ஆகாது. என்டிஎஃப்எஸ் பென்டிரைவில் எல்லா லேப்டாப்பும் பூட் ஆகும் என்று நம்ப முடியாது, ஆகவே டிஸ்மிலேயே ஸ்பிளிட்-இமேஜ் கொடுத்து 3800 எம்பி துண்டுகளாக, எஸ்டபிள்யூஎம் என்று முடியும் கோப்புகளாக ஆக்கிக்கொள்ளுங்கள். செட்டப் அதைத் தானே புரிந்துகொள்ளும்.

தருமபுரி_சர்வீஸ்

நேற்று நடந்தது. எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்று பேப்பரில் போட்டிருந்ததை நான் பார்க்கவில்லை. அன்மவுன்ட் கமிட், அதாவது மாற்றங்களை விம்மில் சேமித்து மூடுவது, பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போய், யுபிஎஸ் பத்து நிமிடம் தாங்கி அதுவும் போய்விட்டது. இப்போது மவுன்ட் செய்தால் ஏற்கெனவே மவுன்ட் ஆகியிருக்கிறது என்கிறது, அன்மவுன்ட் செய்தால் முடியாது என்கிறது.

கிருஷ்ணகிரி_லேப்

கமிட் பாதியில் நின்ற விம்மை இனி நம்ப வேண்டாம். மாற்றங்களைச் சேமிக்காமல் விடும் டிஸ்கார்ட் கொடுத்து அன்மவுன்ட் செய்து பாருங்கள், கேட்காவிட்டால் கிளீனப்-மவுன்ட்பாயின்ட்ஸ் கொடுத்து மெஷினை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்புறம் மூல ஐஎஸ்ஓவிலிருந்து விம்மைப் புதிதாகக் காப்பி செய்து முதலிலிருந்து. மூல ஐஎஸ்ஓவை எழுத முடியாதபடி தனியாக வைத்திருக்கிறீர்கள்தானே? நான் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் விம்மை ஒரு காப்பி எடுத்துப் பெயரிலேயே 1-பான்ட்ஸ், 2-அப்டேட் என்று போட்டு வைப்பேன். இடம் கொஞ்சம் தின்னும், ஆனால் இப்படி நடந்தால் கடைசிக் கட்டத்தை மட்டும் திரும்பச் செய்தால் போதும்.

அரூர்_ஆசிரியர்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்களிடம் இருப்பது இன்டெல் 4ஆம் தலைமுறை மெஷின்கள் ஐந்து. இதே மாதிரி ஐஎஸ்ஓ செய்து சோதனையைத் தாண்ட வைத்து 11 போடலாமா?

கிருஷ்ணகிரி_லேப்

சார், போட வழி இருக்கிறது, ஆனால் மைக்ரோசாப்ட் ஆதரிக்காத மெஷின் என்பதால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். பிள்ளைகள் தினமும் உபயோகிக்கும் மெஷினில் அந்த நிலையில் வைத்திருக்க எனக்கு மனம் வராது. பிரவுசரும் லிப்ரே ஆபீஸும் போதும் என்றால் லினக்ஸ் போடுங்கள். அரசு கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்ததே, அதில் பழகிய பிள்ளைகளுக்குச் சிரமம் இருக்காது. லதாவில் டைப் செய்த பழைய வினாத்தாளும் லிப்ரே ஆபீஸில் திறக்கும், யூனிகோடு என்பதால் எழுத்துரு இல்லாவிட்டாலும் எழுத்து உடையாது, பக்க அமைப்புதான் கொஞ்சம் நகரும்.

தருமபுரி_சர்வீஸ்

முடிந்தது. விவரமாக எழுதுகிறேன், வேறு யாருக்காவது தேவைப்படும்.

அமெரிக்க ஆங்கில 25எச்2 ஐஎஸ்ஓவில் செட்டப் ஓட்டியதும் ஆப்களை வைத்துக்கொள் என்ற தேர்வு தெளிவாக வந்தது. முதல் மெஷினில் பில்லிங் சாப்ட்வேர், அதன் டேட்டா, பிரின்டர் எல்லாம் அப்படியே இருந்தது. முடிந்த கையோடு அப்டேட் தேடச் சொன்னேன், இந்த மாத அப்டேட் இறங்கி, இன்ஸ்டால் ஆகி, ரீஸ்டார்ட் கேட்டது. மற்ற 13ஐயும் சனி, ஞாயிறு இரண்டு நாளில் முடித்தேன். இரண்டு மெஷினில் டிஸ்க்கில் இடம் போதவில்லை என்றது, பழைய விண்டோஸ் போல்டரும் டெம்ப் கோப்புகளும் கிடந்தன, அழித்ததும் சரியாகிவிட்டது.

புது ஐஎஸ்ஓ, அக்கா சொன்ன வரிசையிலேயே. கிளீனப் இந்த முறை பிழை இல்லாமல் ஓடியது. விஎம்டி டிரைவரைப் பூட்.விம் இரண்டாவதிலும் வின்ஆர்இயிலும் ஏற்றினேன், மூன்று லேப்டாப்பிலும் டிஸ்க் தெரிந்தது. ஒன்றில் வேண்டுமென்றே ரெக்கவரிக்குள் போய்ப் பார்த்தேன், அங்கேயும் தெரிகிறது. போன வருட வினாத்தாள் ஒன்றைத் திறந்தேன், லதாவிலேயே வந்தது, பக்கம் உடையவில்லை.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. அந்த நவம்பர் ஐஎஸ்ஓவை வைத்து வேறு இடங்களிலும் போட்டிருக்கிறேன், மாங்கூழ் யூனிட் ஒன்று, இரண்டு மளிகைக்கடை. அவர்கள் யாரும் இன்னும் கூப்பிடவில்லை. போய் நானே பார்க்க வேண்டுமா?

கிருஷ்ணகிரி_லேப்

கட்டாயம் போய்ப் பாருங்கள் தம்பி. அப்டேட் வரவில்லை என்று கடைக்காரர் கவனிக்க மாட்டார், பில் வந்தால் அவருக்குப் போதும். விண்டோஸ் பதிப்பைக் காட்டும் வின்வெர் ஓட்டி எண்ணைப் பாருங்கள், இன்னும் 26100.2314லேயே நின்றால் அந்த மெஷினும் மாட்டியிருக்கிறது.

தருமபுரி_சர்வீஸ்

மாங்கூழ் யூனிட்டில் போன் செய்து கேட்டேன், எண்ணைப் படித்துச் சொன்னார்கள், 2314தான். நாளைக் காலை பென்டிரைவோடு கிளம்புகிறேன்.